வெளிநாட்டுத் தொடர்களை வீட்டில் பார்க்க எந்த ஸ்ட்ரீமிங் சேவைக்குச் சந்தா கட்டலாம்?

வெளிநாட்டுத் தொடர்கள் மிகுதியாக இருக்கும் சேவை எது, ஒரே ஒரு சந்தாவில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாகக் கொரிய, டேனிஷ், ஸ்பானிய, துருக்கியத் தொடர்களைப் பார்த்து வருகிறேன். அந்த மொழிகளில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அதனாலேயே, எண்ணிக்கையை வைத்துச் சேவையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். மொழி தெரியாத தொடர் நம்மிடம் வந்து சேர்வது சப்டைட்டில் வழியாக, அல்லது டப்பிங் வழியாக. அந்த மொழிபெயர்ப்பு எங்கே கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறதோ, நீங்கள் பார்க்க விரும்பும் தொடர் உங்கள் நாட்டில் எங்கே இப்போது கிடைக்கிறதோ, அந்தச் சேவைக்கு, அந்தத் தொடரைப் பார்த்து முடிக்கும்வரை மட்டும் பணம் கட்டுவதே நான் கடைப்பிடிக்கும் முறை.

முதலில் நாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளில் புதிதாகத் திறக்கப்பட்டு, 190 நாடுகளுக்கு மேல் பரவியது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லா நாடுகளிலும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தொடரைத் தயாரித்த நிறுவனம் அதன் உரிமையை நாடு நாடாகப் பிரித்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு விற்கிறது. ஆகவே ஒரே தொடர் ஒரு நாட்டில் ஒரு சேவையிலும், பக்கத்து நாட்டில் வேறொரு சேவையிலும், மூன்றாவது நாட்டில் எங்குமே இல்லாமலும் இருக்கக்கூடும். 'ஒரிஜினல்' என்ற முத்திரையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 'பெட்டர் கால் சால்' அமெரிக்காவில் ஏஎம்சி என்னும் கேபிள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடர். அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் அது நெட்ஃபிளிக்ஸ் ஒரிஜினல் என்ற பெயரில் வந்தது. அந்த முத்திரை சில நேரங்களில், இந்த நாட்டில் இதை முதலில் காட்டும் உரிமை எங்களிடம் இருக்கிறது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது.

எனவே வேறு நாட்டில் இருக்கும் நண்பர் ஒரு சேவையைப் பரிந்துரைத்தால், தொடரின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜஸ்ட்வாட்ச் போன்ற தேடல் தளத்தில் உங்கள் நாட்டைத் தெரிவு செய்து அந்தப் பெயரை இட்டுப் பாருங்கள். எந்தச் சேவையில் சந்தாவுடன் கிடைக்கிறது, எங்கே வாடகைக்குக் கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். இத்தகைய பட்டியல்கள் சில நாட்கள் பின்தங்கியிருப்பதுண்டு என்பதால், பணம் கட்டும் முன் அந்தச் சேவையின் பக்கத்திலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனை சீசன்கள் இருக்கின்றன என்பதையும் அப்போதே பாருங்கள். முதல் சீசன் ஒரு சேவையிலும் மற்றவை இன்னொரு சேவையிலும் சிதறிக் கிடப்பது வெளிநாட்டுத் தொடர்களில் அடிக்கடி நேர்வது.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு டேனிஷ் தொடரின் இரண்டாவது சீசனில், கடைசி மூன்று பகுதிகள் மிச்சமிருந்த நிலையில், மறுநாள் மாலை செயலியைத் திறந்தபோது அந்தத் தொடரே அங்கு இல்லை. உரிமக் காலம் முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் சொன்னார்கள். நீக்கப்படும் தேதி தொடரின் விவரப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்ததாம். நான் ஒவ்வொரு நாளும் 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையிலிருந்தே நேராக அடுத்த பகுதிக்குப் போய்க்கொண்டிருந்ததால் அந்தப் பக்கம் என் கண்ணில் படவே இல்லை. அன்றிலிருந்து, நீளமான தொடர் எதையும் தொடங்கும் முன் விவரப் பக்கத்தை முழுவதும் படிக்கிறேன். சேவை தானே தயாரித்த தொடர்கள் பொதுவாக இப்படி மறைவதில்லை என்றாலும் அதுவும் நிரந்தரம் அன்று. 2022இல் எச்பிஓ மேக்ஸ் தன் சொந்தத் தொடர்கள் சிலவற்றையே நீக்கியது.

இனி சப்டைட்டில். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

பல தொடர்களில் ஆங்கிலச் சப்டைட்டில் இரண்டு இருக்கும். ஒன்று மூல மொழி வசனத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. மற்றொன்று செவித்திறன் குறைந்தோருக்காக, ஒலிக்குறிப்புகளுடன் தயாரிக்கப்பட்டது. அதன் பெயருக்கு அருகில் 'சிசி' என்று இருக்கும். இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் ஆங்கில டப்பிங்குக்காக எழுதிய வசனத்தை அப்படியே பின்பற்றுகிறது. டப்பிங் வசனம் நடிகரின் வாயசைவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகச் சுருக்கப்பட்டும் மாற்றப்பட்டும் இருக்கும். 2021இல் 'ஸ்குவிட் கேம்' வெளியானபோது, மொழிபெயர்ப்பு மூலத்தைச் சிதைக்கிறது என்று கொரிய மொழி அறிந்தவர்கள் எழுப்பிய குறைகளில் பல இந்த 'சிசி' வரிகளைப் பற்றியவை. சாதாரண ஆங்கிலச் சப்டைட்டில் பல இடங்களில் மூலத்துக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. ஆகவே மூல மொழி ஒலியோடு பார்க்கிறவர்கள், ஒலிக்குறிப்பு தேவைப்பட்டாலொழிய, 'சிசி' இல்லாததைத் தெரிவு செய்வது நல்லது. இந்தச் சிறிய மாற்றத்துக்குப் பிறகு சில தொடர்களே எனக்கு வேறு தொடர்களாகத் தெரிந்தன.

கொரியத் தொடர்களில் தமிழ் பேசும் நமக்குத் தனியாக ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே சொல்தான். கொரிய மொழியில் அப்படி இல்லை. ஆண் தன் அண்ணனை 'ஹ்யோங்' என்றும், பெண் தன் அண்ணனை 'ஓப்பா' என்றும் அழைக்கிறார்கள். அக்காவுக்கும் அதேபோல 'நூனா', 'ஒன்னி' என்று இரண்டு சொற்கள் உண்டு. வயதில் மூத்தவர், பதவியில் உயர்ந்தவர், புதிதாகப் பழகியவர் என ஒவ்வொருவரிடமும் வினைச்சொல்லின் ஈறே மாறுகிறது. மரியாதை விகுதியோடு பேசிக்கொண்டிருந்த இருவர் ஒரு கட்டத்தில் 'நீ' என்று பேசத் தொடங்கும் காட்சி, பல காதல் தொடர்களில் கதையின் திருப்பமாகவே இருக்கும். ஆங்கிலச் சப்டைட்டில் அங்கே ஒரு பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. 'நீங்க' என்பது 'நீ' ஆகும் கணத்தின் கனம் நமக்கு யாரும் விளக்காமலே புரியும் என்பதால், அந்தச் சொற்களை மறைக்காமல் தரும் மொழிபெயர்ப்பைத் தேடிப் போவது நமக்கு மிகவும் பயன் தரும்.

இந்தக் காரணத்துக்காகவே கிழக்காசியத் தொடர்களுக்கு விக்கி (Viki) என்ற ஸ்ட்ரீமிங் சேவையை நான் பரிந்துரைக்கிறேன். 2007இல் தொடங்கி 2013இல் ரகுடென் நிறுவனத்தின் கைக்கு வந்த அந்தச் சேவையில், சப்டைட்டில்களில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள் குழுக்களாகச் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் வசனத்தைக் காட்சியோடு பொருத்தித் துண்டுகளாகப் பிரிக்கிறார், இன்னொருவர் மொழிபெயர்க்கிறார், மற்றொருவர் திருத்துகிறார். ஒவ்வொரு மொழியிலும் எத்தனை விழுக்காடு வேலை முடிந்திருக்கிறது என்பது தொடரின் பக்கத்திலேயே தெரியும். 'ஓப்பா', 'நூனா' போன்ற சொற்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்து, தேவைப்பட்டால் சிறு குறிப்பும் தருகிறார்கள். குழுவைப் பொறுத்துத் தரம் ஏறி இறங்கும் என்பது உண்மை. ஆயினும் அக்கறையோடு எழுதப்பட்ட வரிகளைப் படிக்கும்போது அந்த அக்கறை நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசப்படும் தொடர்களுக்கு டப்பிங் பெரும் இழப்பு. 2011இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ்' தொடரில், ஸ்வீடனையும் டென்மார்க்கையும் இணைக்கும் பாலத்தின் நடுவில் ஓர் உடல் கிடைக்க, இரு நாட்டுக் காவல் அதிகாரிகளும் தத்தம் மொழியில் பேசியபடியே சேர்ந்து துப்பறிகிறார்கள். அதை ஒற்றை மொழியில் டப்பிங் செய்துவிட்டால் எல்லை என்ற ஒன்றே கதையிலிருந்து காணாமல் போய்விடும்.

அதற்காக டப்பிங்கை ஒதுக்கச் சொல்லவில்லை. என் அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிய பிறகு, விரைந்து மறையும் எழுத்துகளைப் படிக்க அவரால் முடிவதில்லை. டப்பிங் இல்லாவிட்டால் அவர் எங்களோடு அமர்ந்து பார்க்கவே வழியில்லை. உலகப் புகழ் பெற்ற சில தொடர்களுக்குத் தமிழ் டப்பிங்கும் வந்திருக்கிறது. சில செயலிகள் இருக்கும் மொழிகள் அனைத்தையும் காட்டாமல், உங்கள் கணக்கின் மொழி அமைப்புக்கு ஏற்பச் சிலவற்றை மட்டுமே காட்டுகின்றன. வேண்டிய மொழி பட்டியலில் இல்லையென்றால், இல்லை என்று முடிவு கட்டும் முன் கணக்கின் மொழி அமைப்பை மாற்றிப் பாருங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சுயவிவரம் வைத்துக்கொண்டால் இது இன்னும் எளிது.

பிற நாடுகளைப் பொறுத்தவரை, அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களுக்குக் கிரஞ்சிரோலை மிஞ்ச ஆள் இல்லை. பிரிட்டிஷ் தொடர்களுக்கு பிரிட்பாக்ஸும் ஏகார்ன் டிவியும் உள்ளன. ஐரோப்பியக் குற்றத் தொடர்களுக்கு, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் எம்எச்இசட் சாய்ஸைப் பார்க்கலாம். பிரிட்டனில் சேனல் 4 தன் வால்டர் பிரசன்ட்ஸ் என்ற பிரிவில் 2016 முதல் பல நாட்டுத் தொடர்களைச் சப்டைட்டிலோடு இலவசமாகத் தருகிறது. பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் ஆர்ட்டே தொலைக்காட்சியின் இணையதளமும் இலவசம்; பல ஐரோப்பிய மொழிகளில் சப்டைட்டில் உண்டு, சில நிகழ்ச்சிகள் மட்டும் குறிப்பிட்ட நாடுகளுக்கு வெளியே திறக்காது.

சிறிய சேவைகளுக்கு ஆண்டுச் சந்தா கட்ட நான் தயங்குவேன். கொரியத் தொடர்களுக்குப் பெயர் பெற்றிருந்த டிராமாஃபீவர் 2018 அக்டோபரில் முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் மூடப்பட்டது. அனிமே சேவையான ஃபனிமேஷன் 2024 ஏப்ரலில் கிரஞ்சிரோலோடு இணைக்கப்பட்டபோது, டிவிடி, புளூ-ரே வட்டுகளோடு கிடைத்த குறியீட்டைக் கொண்டு வாடிக்கையாளர்கள் சேர்த்து வைத்திருந்த டிஜிட்டல் பிரதிகள் அவர்களுக்குக் கிடைக்காமல் போயின. மாதச் சந்தா சற்றுக் கூடுதலாகத் தோன்றினாலும், அதுதான் பாதுகாப்பானது.

ஒரே தொடர் இரண்டு சேவைகளில் இரண்டு வடிவங்களில் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 'மணி ஹைஸ்ட்' 2017இல் ஸ்பெயினின் ஆன்டெனா 3 தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்தபோது ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலாக ஓடும் 15 பகுதிகளாக இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் அதையே வெட்டித் தொகுத்து 22 பகுதிகளாக்கியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் துருக்கியத் தொடர்ப் பகுதிகளும் ஏற்றுமதிக்காக இப்படித்தான் துண்டாக்கப்படுகின்றன. பாதியில் சேவை மாறினால் பகுதி எண்ணை நம்பாமல், கதைச் சுருக்கத்தைப் படித்து விட்ட இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

தொழில்நுட்பத்தில் சொல்ல அதிகம் இல்லை. முழு எச்டி படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவு. இணையம் வேகமாக இருந்தும் படம் மங்கலாக இருந்தால், உங்கள் கருவிக்கு வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஆண்ட்ராய்டு கருவிகளில் பெரும்பாலான சேவைகள் எச்டி தருவதில்லை. வேறு நாட்டிலிருந்து இணைவதுபோலக் காட்டும் விபிஎன் வழியாக அந்த நாட்டுத் தொகுப்பைத் திறப்பது பல சேவைகளின் விதிகளுக்கு முரணானது. அது ஒரு நாள் வேலை செய்து மறுநாள் தடைபடும் என்பதால், அதை நம்பி எந்தச் சந்தாவும் எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு சந்தாதான். வாரம் இரண்டு பகுதிகள் வீதம் வரும் கொரியத் தொடர் என்றால், 16 பகுதிகளும் வந்து முடியும்வரை காத்திருந்து, பிறகு ஒரு மாதத்துக்குப் பணம் கட்டுகிறோம். கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறேன். பெரும்பாலான சேவைகளில், கட்டிய காலம் முடியும்வரை தொடர்ந்து பார்க்கலாம். அன்று மாலையே, எல்லோரும் வருவதற்கு முன், அம்மா வழக்கமாக அமரும் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பகுதியிலிருந்து பத்து நிமிடங்களை ஓட விடுகிறேன். பலர் ஒரே நேரத்தில் பேசும் குடும்பக் காட்சியாகத் தேடி, டப்பிங் குரல்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றனவா, எழுத்துகளைப் பெரிதாக்கிய பிறகும் சப்டைட்டில் முகங்களை மறைக்காமல் இருக்கிறதா, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பது விளங்குகிறதா என்று பார்த்துவிட்டு, சரியாக இருந்தால்தான் அவரைக் கூப்பிடுகிறேன்.