திரை ஓடுகிறது, பின்வரிசை தூங்குகிறது

கேள்வி: குடியாத்தம் அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஸ்மார்ட் வகுப்பறை வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டின் வழியே காணொளியைத் திறந்து ஓடவிட்டால், சற்று நேரத்திலேயே பின்வரிசைக்குக் கண் சொருகிவிடுகிறது. முடிந்ததும் கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை. இதே பிள்ளைகள் வீட்டில் கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை என்று பெற்றோர் புலம்புகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, யாரோ ஒருவர் ஒரே சுருதியில் பேசுவதைக் கேட்கச் சொன்னால் நானும் தூங்கிவிடுவேன். பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். வீட்டில் கைப்பேசி அவர்கள் விரலுக்குக் கட்டுப்படுகிறது. வகுப்பில் திரை உங்கள் விரலுக்கு மட்டுமே கட்டுப்படுகிறது. மவுஸை முதலில் அவர்களிடம் கொடுங்கள்.

பத்தாம் வகுப்பில், கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்து அதன் இந்தியச் சிப்பாய்கள் நடத்திய 1806 வேலூர்ப் புரட்சி வருகிறது. புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றிக் குறிக்குத் தடை என்று காரணங்களை ஒப்பிக்க வைப்பதற்கு முன் கூகுள் எர்த்தில் வேலூர்க் கோட்டையைத் திறந்து, ஒரு மாணவியை அழைத்து, வானத்திலிருந்து பார்த்தபடி அகழியைச் சுற்றி விரலை ஓட்டச் சொல்லுங்கள். "இதற்குள் எப்படி நுழைவாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். வகுப்பில் பாதிப்பேர் அந்தக் கோட்டை வாசலில் பஸ் ஏறியவர்கள்தான், ஆனாலும் சண்டை தொடங்கிவிடும்.

அடுத்து, ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் இடையே உள்ள தூரத்தை அங்கேயே உள்ள அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். சுமார் 25 கிலோமீட்டர் வரும். ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். செய்தி கிடைத்ததும் ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்தார். அன்றே கோட்டை மீண்டும் கும்பெனியின் கைக்குப் போய்விட்டது. குதிரை மணிக்கு எவ்வளவு தூரம் ஓடும், படை எத்தனை மணிக்கு வந்து சேர்ந்திருக்கும், ஆற்காட்டில் குதிரைப்படை இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைக்குப் பிறகு காணொளியைக் காட்டினால், தான் போட்ட விடை சரியா என்று பார்ப்பதற்காகவாவது விழித்திருக்கும். அதிலும் முழுவதையும் ஓட்ட வேண்டாம், மூன்று நான்கு நிமிடம் போதும்.

இன்னொன்று. புரட்சியைப் பற்றி இணையத்தில் படம் தேடச் சொல்லுங்கள். புகைப்படம் போலவே தோன்றும் சிலவும் வந்து விழலாம். 1806இல் கேமரா ஏது? புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். "இதை யார், எப்போது உருவாக்கியிருப்பார்கள்?" என்ற கேள்வியை அந்த ஒரு படத்தில் பழக்கிவிட்டால், வீட்டுக் குழுவில் வரும் வாட்ஸ்அப் செய்தி வரைக்கும் அது உதவும். மதிப்பெண் வாங்கித் தரும் பாடத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தலைமையாசிரியர் வேறுவிதமாக நினைக்கலாம்.

புவியியலுக்குப் பாலாறு இருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களையும் பார்க்கலாம். வறண்ட மணற்பரப்பாகக் கிடக்கும் ஆண்டுகளைக் காட்டிவிட்டு, 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பற்றி வீட்டில் விசாரித்து வரச் சொல்லுங்கள். படம் சொல்லாததைப் பாட்டி சொல்வார். இஸ்ரோவின் செயற்கைக்கோள் வரைபடத் தளமான புவனையும் ஒருமுறை திறந்து காட்டுங்கள்.

குடிமையியலில் மாவட்ட நிர்வாகம் என்றால் வகுப்பே கொட்டாவி விடும், தெரியும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வரச் சொல்லுங்கள். சர்வே எண்ணும் பெயர்களும் வேண்டாம், மாவட்டத்தின் பெயர் உள்ள வரி மட்டும். 1911 வரை சித்தூர்தான் அந்த மாவட்டத்தின் தலைநகரம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே வைத்துத் தங்கள் ஊர் எங்கெங்கே மாறியது என்று தேடட்டும். வீட்டில் பத்திரம் இல்லாத பிள்ளைகள் கூனிக் குறுக வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையோ தபால் உறையோ இருந்தாலும் போதும்.

இணையம் படுத்துவிடும் நாள் நிச்சயம் வரும். தேவையான படங்களை முந்தைய நாளே பென் டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியே இல்லாத வீடுகளும் இருப்பதால், வீட்டுப்பாடத்தைக் குழுவாகக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு கைப்பேசி இருந்தால் போதும், ஆனால் அதன் சொந்தக்காரப் பிள்ளையே தலைவன் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மவுஸைப் பிடிக்கும் முறை வாரம் ஒருவருக்கு என்று மாறட்டும், பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள்.