'கெட்' என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? எல்லாவற்றையும் எப்படி மனப்பாடம் செய்வது?

மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். கேள்வியைப் படித்ததுமே நீங்கள் தமிழ்வழியில் படித்தவர் என்றும், ஏதோ ஒரு நேர்முகத் தேர்வுக்காக அகராதியைத் திறந்து, அந்தச் சொல்லுக்குக் கீழே வரிசையாக நிற்கும் பொருள்களைக் கண்டு மலைத்துப் போயிருக்கிறீர்கள் என்றும் எண்ணிக்கொண்டேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஆங்கிலப் பேராசிரியன் அல்லன். திருநெல்வேலியில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஆனால் இந்தச் சொல்லிடம் ஒருமுறை நன்றாக அடி வாங்கியவன்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் எங்களுக்குக் 'கெட்' என்றால் 'பெறு' என்று ஒரே சொல்லில் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் 'கெட், காட், காட்' என்று வாய்ப்பாடு போல ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். கல்லூரியில் நிலைமை இன்னும் மோசம். உங்கள் கடிதம் கிடைத்தது என்பதற்கு 'ஐ காட் யுவர் லெட்டர்' என்று எழுதினால், சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே 'ரிசீவ்டு' என்று திருத்துவார்கள். 'கெட்' சந்தைப் பேச்சாம். படித்தவன் 'அப்டெயின்', 'ப்ரொக்யூர்' என்றுதான் எழுத வேண்டுமாம். அலுவல் கடிதத்துக்கு அவை பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஆங்கிலேயர் விடிந்து எழுந்தது முதல் வாயில் வைத்திருக்கும் ஒரு சொல்லை எங்களிடமிருந்து ஒளித்து வைத்துவிட்டு, பிறகு எங்களுக்குப் பேச வரவில்லை என்று குறை சொன்னார்களே, அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் தீரவில்லை.

1994ஆம் ஆண்டு, உரம் விற்கும் ஒரு நிறுவனத்தின் கிளையில், ஜங்ஷன் பகுதியில், எனக்குக் கணக்கர் வேலை. வியாபாரிகள் ஒவ்வொருவரும் எங்களுக்கு எவ்வளவு பாக்கி தரவேண்டும் என்பதற்கான ஸ்டேட்மென்டுகளைத் தட்டச்சு செய்து என் மேசை இழுப்பறையில் அடுக்கி வைத்திருந்தேன். பம்பாய்த் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது: 'கெட் த ஸ்டேட்மென்ட்ஸ் சைன்டு அண்ட் சென்ட் தெம் பை த டென்த்.' எனக்குத் தெரிந்த ஒரே பொருளை வைத்து அதைப் படித்தேன். பம்பாயில் யாரோ பெரிய அதிகாரி கையெழுத்திட்ட ஸ்டேட்மென்டுகள் தபாலில் வரும், அவற்றைப் பெற்றுக்கொண்டு பத்தாம் தேதிக்குள் வியாபாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்று விளங்கிக்கொண்டு, நாள்தோறும் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றாம் தேதி காலையில் தொலைபேசி. எதிர்முனையில் இருந்தவர் எடுத்த எடுப்பில் 'டிட் யூ நாட் கெட் இட்?' என்றார். நான் சொன்னது உமக்குப் புரியவில்லையா என்பது அவர் கேள்வி. வந்து சேரவில்லையா என்று அவர் அக்கறையோடு விசாரிப்பதாக நான் நினைத்து, 'நோ சார், ஐ டிட் நாட் கெட் எனிதிங், ஐ ஆம் வெயிட்டிங்' என்று மிகுந்த பணிவோடு பதில் சொன்னேன். அதன்பிறகு அவர் பேசிய ஆங்கிலத்துக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த மூத்த கணக்கர் அண்ணாச்சி ஃபேக்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்வே, பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டு வாரும்னு சொன்னா, எவனாவது கொண்டாந்து தருவான்னு திண்ணையிலயா உக்காந்திருப்பீரு?" என்றார். 'கையெழுத்து வாங்கு' என்று அவர் சொன்ன அந்த நொடியில்தான், பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லாத பொருள் விளங்கியது: இழுப்பறையில் கிடந்த ஸ்டேட்மென்டுகளில் வியாபாரிகளிடம் நான்தான் கையெழுத்து வாங்கிப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும்.

அந்த ஆங்கில வாக்கியத்தில் சூட்சுமம் முழுவதும் 'சைன்டு' நிற்கும் இடத்தில் இருக்கிறது. 'கெட் த சைன்டு ஸ்டேட்மென்ட்ஸ்' என்றிருந்தால், கையெழுத்திட்ட ஸ்டேட்மென்டுகளைப் பெற்றுக்கொள் என்ற என் பொருள் சரியாகியிருக்கும். பெயருக்குப் பின்னால் 'சைன்டு' வந்துவிட்டால், அந்தக் காரியம் நடக்கும்படி செய், யாரைக் கொண்டாவது முடி என்று பொருள் மாறிவிடுகிறது. 'ஐ கட் மை ஹேர்' என்றால் நானே கத்தரிக்கோலை எடுத்தேன் என்றாகும். சலூனுக்குப் போனவர் 'ஐ காட் மை ஹேர் கட்' என்று சொல்ல வேண்டும். இதை 'ஹாவ்' வைத்தும் சொல்லலாமே என்று யாரேனும் கேட்கக்கூடும். சொல்லலாம், கொஞ்சம் மரியாதையாகவும் ஒலிக்கும். ஆனால் வாய்ப்பேச்சில் 'கெட்'தான் முந்தும். ஒருவரை இணங்க வைத்துச் செய்விப்பதற்கும் இதே சொல்தான், 'டு' மட்டும் கூட வரவேண்டும். 'மேக் ஹிம் சைன்' சரி. 'கெட் ஹிம் சைன்' தவறு, 'கெட் ஹிம் டு சைன்' என்றே சொல்ல வேண்டும்.

அன்று மதியமே பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். வள்ளியூர், களக்காடு, தென்காசி, சங்கரன்கோவில் என்று இரண்டு நாள் அலைந்தேன். களக்காட்டு உரக்கடை முதலாளியின் ஸ்டாம்பு பேடு காய்ந்து போயிருந்தது. அவர் டீ கிளாஸைக் கழுவ வைத்திருந்த தண்ணீரில் இரண்டு சொட்டு அதில் விட்டு, முத்திரையை நாலு முறை அழுத்தி, ஊதா நிறத்தில் பாதி எழுத்து மட்டும் விழுந்த தாளை என்னிடம் நீட்டினார். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது, 'காட் இட் சைன்டு' என்று எனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு எனக்குப் பிடிபட்ட ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 'கெட்' என்பதற்கு எத்தனை பொருள் என்று எண்ணாதீர்கள். அதற்கு அடுத்து வரும் சொல் என்ன என்று பாருங்கள். பொருளின் பெயர் வந்தால் கிடைத்தல், வாங்குதல். இடம் வந்தால் போய்ச் சேர்தல். 'ஆங்க்ரி', 'டார்க்', 'ஓல்டு' போன்ற பண்புச்சொல் வந்தால் ஆதல். 'மேரிட்', 'பீட்டன்' போன்ற வடிவம் ஒட்டி வந்தால், நமக்கு நேர்ந்தது என்ற பொருள்.

நமக்குச் சிக்கல் வருவது இந்தப் பண்புச்சொல் வரிசையில்தான், ஏனென்றால் தமிழில் நாம் வாக்கியத்தைத் தொடங்கும் விதமே வேறு. எனக்குக் கோபம் வந்தது, எனக்குச் சளி பிடித்தது, எனக்குப் பழகிவிட்டது என்கிறோம். கோபமும் சளியும் தாமாக வருகின்றன, நாம் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் அந்த 'எனக்கு', 'நான்' ஆகி முன்னால் வந்துவிடுகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது 'கெட்'. 'ஐ காட் ஆங்க்ரி', 'ஐ காட் எ கோல்டு', 'ஐ காட் யூஸ்டு டு இட்'. ஆகவே, தமிழில் 'எனக்கு' என்று தொடங்கத் தோன்றும் இடங்களில், ஆங்கிலத்தில் 'ஐ காட்' பொருந்துமா என்று ஒருமுறை வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது; எனக்குப் பசிக்கிறது என்பதற்கு 'ஐ ஆம் ஹங்க்ரி'தான். இருந்தாலும் பாதிக்கு மேல் கை கொடுக்கும் என்பது என் அனுபவம்.

இத்தனை பொருள் ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். இது வடபுலத்து வைக்கிங் மக்கள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களுடைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். 'டேக்' என்பதும் அப்படி வந்ததே. ஓயாமல் புழங்கும் சிறிய சொல் எந்த மொழியிலும் இப்படித்தான் கிளை விடும். 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்களை ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் கணக்கிட்டதாக 2011இல் செய்தி வந்தது. ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வானேன்? நம் 'வாங்கு' என்ன லேசுப்பட்டதா? கடன் வாங்குகிறோம், மூச்சு வாங்குகிறது, பிள்ளை மார்க் வாங்குகிறான், மேஸ்திரி வேலை வாங்குகிறார், சிலர் உயிரை வாங்குகிறார்கள். தமிழ் படிக்க வரும் வெளிநாட்டுக்காரர் இதைப் பார்த்து உங்களைப் போலவே தலையில் கைவைக்கத்தான் செய்வார்.

பேருந்தில் 'கெட் டவுன்' என்று சொல்வது தவறா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நம்மூரில் எல்லோருக்கும் புரியும். ஆனால் வெளிநாட்டார் காதுக்கு அது குனி, பதுங்கு என்பதுபோல் விழும். பேருந்திலிருந்து இறங்குவது அவர்களுக்குக் 'கெட் ஆஃப்', காரிலிருந்து இறங்குவது 'கெட் அவுட்'. 'கெட், காட், காட்' என்பதில் கடைசிக் 'காட்'டுக்குப் பதிலாக வரும் 'காட்டன்' என்ற வடிவத்தை அமெரிக்கர்கள் தவறாகப் பேசுவதாகவும் எண்ணாதீர்கள். அது இங்கிலாந்திலேயே முன்பு வழங்கிய பழைய வடிவம். உங்கள் தேர்வில் பிரிட்டிஷ் வழக்குத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றால் 'காட்' என்றே எழுதுங்கள்.