நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்த்தால் மாறுகண் வருமா? சாயங்காலமானால் எழுத்து இரண்டாகத் தெரிகிறது, கண்ணாடிக் கடையில் ‘பவர் இல்லை’ என்கிறார்கள்

பவர் இல்லை என்றால் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெளிவாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து உழைக்கின்றனவா என்பதை ஆறு மீட்டர் தள்ளி மாட்டிய சார்ட் சொல்லாது.

எழுத்து இரண்டாகத் தெரியும்போதே ஒரு கண்ணை மூடுங்கள். அப்போதும் இரண்டு தெரிந்தால் சிலிண்டர் பவரோ (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வருவது) கண் வறட்சியோ காரணமாக இருக்கலாம். ஒன்றாகிவிட்டால் பேனா முனையைக் கைநீளத்திலிருந்து மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். முனை இரண்டாகும் இடத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். 6 செ.மீ. வரை ஒன்றாகவே தெரிந்தால் நல்லது. 10 செ.மீ.க்கு அப்பாலேயே பிரிந்தால் கண்கள் குவிவதில், அதாவது கிட்டத்துப் பொருளை நோக்கி இரண்டும் சேர்ந்து உட்பக்கம் திரும்புவதில், குறை இருக்கலாம். காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு விடாதீர்கள், சாயங்காலம் நாலைந்து முறை தொடர்ந்து செய்தால்தான் களைப்பு வெளியே வரும்.

‘பத்து வருஷமா பார்க்கிறேன், ஒன்றும் ஆகலையே’ என்று யாராவது கீழே எழுதுவார்கள். அவர்களுக்குக் கண்ணைக் குவிக்கும் சக்தி மிச்சம் இருக்கிறது. கண்கள் வெளிப்பக்கம் விலகும் போக்கு உள்ளுக்குள் இருப்பவர்களுக்கு அது சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். கம்ப்யூட்டர் புதிதாக மாறுகண்ணை உண்டாக்குவதைவிட, இருந்ததைக் காட்டிக்கொடுப்பதுதான் அதிகம்.

பழி மானிட்டர் மேல் விழுந்தாலும் பாரம் போனில்தான். கண்மணிகளுக்கு நடுவே 60 மி.மீ. இருந்தால், 60 செ.மீ. தள்ளியுள்ள மானிட்டருக்கு ஏறக்குறைய 10 பிரிசம் டயாப்டர் (கண் குவிவதை அளக்கும் அலகு) குவிந்தால் போதும், 25 செ.மீ.யில் பிடித்த போனுக்கு 24 வேண்டும். போனை அருகில் வைத்து மணிக்கணக்காகப் பார்த்த இளைஞர்களுக்குக் கண் உட்பக்கம் திரும்பியதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

கண் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டிடம் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் கவர் டெஸ்ட் (ஒரு கண்ணை மூடித் திறந்து கண்கள் நகர்கின்றனவா என்று பார்ப்பது) கேளுங்கள். கண்ணின் ஃபோகஸைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டும் பவர் பார்க்கச் சொல்லுங்கள், மறைந்திருக்கும் பிளஸ் பவர் அதில்தான் பிடிபடும். பென்சில் முனையை மூக்கருகே கொண்டுவந்து பார்க்கும் பென்சில் பயிற்சி மட்டும் போதும் என்று நம்ப வேண்டாம்: 9 முதல் 17 வயதுவரை உள்ளவர்களிடம் 12 வாரம் நடத்தி 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கிளினிக்கில் பயிற்சி பெற்றவர்களில் 73 சதவீதத்தினர் தேறினார்கள், வீட்டில் பென்சிலோடு செய்தவர்களில் 43 சதவீதம்தான்.

கேட்காமலேயே நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட் லென்ஸைத் தலையில் கட்டும் கடைகளைப் பார்த்தால்தான் எரிச்சல். கண் களைப்பை அது குறைப்பதாக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வுக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தக் காசுக்கு மானிட்டர் ஸ்டாண்டைச் சரிசெய்யலாம். மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இமை பாதி தாழும், கண்ணீர் சீக்கிரம் உலராது. ஏசி காற்று முகத்தில் நேராக அடிக்கக் கூடாது.

தூரத்திலும் திடீரென இரண்டாகத் தெரிந்தாலோ இமை தொங்கினாலோ இதையெல்லாம் செய்துகொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.