ஏஎஸ்/400-க்கு டெக்ஸ்ட் ஃபைல் ஏற்றினால் ஏன் குப்பையாக வருகிறது?

எஃப்டிபியில் (நெட்வொர்க் வழியாக ஃபைல் அனுப்பும் முறை) ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் கணினிக்கு அனுப்பிய வாடிக்கையாளர் பட்டியல் ஒரு நாள் முழுக்கக் குப்பை எழுத்தாகவும், இன்னொரு நாள் டெசிமல் டேட்டா எரர் என்ற எண் பிழை கொடுத்தும் படுத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. சேர்த்துப் பார்த்தால் குழம்பிவிடும்.

ப்ரோகிராமை இப்போதைக்குத் தொடாதீர்கள். டிஸ்ப்ளே பிசிகல் ஃபைல் மெம்பர் கட்டளையில் ஃபைலைத் திறந்து எஃப்10 அழுத்துங்கள், ஹெக்ஸ் (ஒவ்வொரு பைட்டின் மதிப்பு) தெரியும். 1 என்ற இலக்கம் எஃப்1 என்று இருந்தால் எப்சிடிக் (ஏஎஸ்/400 பயன்படுத்தும் எழுத்துக் குறியீடு), சரி. 31 என்று இருந்தால் ஆஸ்கி (பிசியின் எழுத்துக் குறியீடு) அப்படியே மாறாமல் வந்திருக்கிறது. எதையும் மாற்றாமல் அனுப்பும் பைனரி மோடில் போயிருக்கிறது. சில எஃப்டிபி மென்பொருள்கள் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து மோடைத் தாமே முடிவு செய்யும். அதை நம்பாமல் ஆஸ்கி மோடு (எழுத்தை எப்சிடிக்காக மாற்றி அனுப்பும்) என்று நீங்களே வைத்துவிடுங்கள்.

எண் பிழைக்குப் பெரும்பாலும் பேக்டு டெசிமல் என்ற எண் வடிவம்தான் காரணம். ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. எஃப்டிபிக்கு இந்த ஃபீல்டு கணக்கெல்லாம் தெரியாது, எழுத்தை மட்டும் மாற்றும். ஆகவே டேபிளுக்குள் நேரே தள்ளாமல், ஐஎஃப்எஸ் (ஏஎஸ்/400-இல் பிசி போன்ற ஃபோல்டர் அமைப்பு) ஃபோல்டரில் சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைல்) வைத்து, காப்பி ஃப்ரம் இம்போர்ட் ஃபைல் கட்டளையால் உள்ளே எடுங்கள். தேதியை 2025-03-31 என்று எழுதுங்கள். நாம் எழுதும் 31/03/2025 அங்கே செல்லாது.

பெயர்கள்தான் பெரிய தலைவலி. பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் இடத்துக்கு கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்துக் கடைப் பெயர்கள் தமிழும் மலையாளமுமாகக் கலந்து வரும். டேபிளின் சிசிஎஸ்ஐடி (எந்த எழுத்துக் குறியீடு என்று சொல்லும் எண்) 37 என்றால் இரண்டு எழுத்துக்குமே அதில் இடமில்லை. ஹெக்ஸில் வரிசையாக 3எஃப் (மாற்ற முடியாத எழுத்துக்குப் பதிலாக வைக்கும் குறி) நிற்கும். அப்படி ஆனபின் அந்த டேபிளிலிருந்து பெயரை மீட்க வழியே கிடையாது, மூல ஃபைலிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியதுதான். ஃபீல்டை 1208 (யுடிஎஃப்-8) ஆக மாற்றுங்கள். இந்த ஃபைலை மட்டும் ஐஎஃப்எஸ்சுக்குப் பைனரியில் அனுப்பி, பிறகு ஃபைலின் சிசிஎஸ்ஐடியையும் 1208 என்று மாற்றி வைக்க வேண்டும். மேலே சொன்னதற்கு நேர் எதிராக இருக்கிறதே என்று தோன்றும். யுடிஎஃப்-8 ஃபைலை வழியில் யாரும் மாற்றக் கூடாது, அதற்காகத்தான்.

நீளத்தையும் பாருங்கள். 'பாலக்காடு' யூனிகோடில் 9 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 27 பைட். ஆங்கிலப் பெயருக்கு என்று வைத்த 20 பைட் ஃபீல்டில் ஊர்ப் பெயரே அடங்காது.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் வரி மட்டும் அடம்பிடித்தால், எக்செல், ஃபைலின் தலையில் யுடிஎஃப்-8 அடையாளமாகச் சேர்த்த இஎஃப் பிபி பிஎஃப் என்ற மூன்று பைட்டைத் தேடி எடுத்துவிட்டு ஏற்றிப் பாருங்கள்.