ராக்கெட் வெடிக்கும் என்று பயமுறுத்தி நிலத்தைக் கேட்கிறார்களா?

கேள்வி: உடன்குடி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பனங்காடு. குலசேகரப்பட்டினத்தில் திட எரிபொருள் ராக்கெட் விடப்போகிறார்கள், அது வெடிமருந்துக் கிடங்கு மாதிரி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்கிறார் ஒரு புரோக்கர். உண்மையா?

பதில்: இதே நிலத்தை நாளைக்கு அவர் சென்னைப் பார்ட்டியிடம் ‘ராக்கெட் தளத்துக்குப் பக்கத்திலேயே’ என்று சொல்லித்தான் விற்பார்.

அங்கிருந்து கிளம்பப்போவது சிறு செயற்கைக்கோள்களைச் சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட். 34 மீட்டர் உயரம், சுமார் 120 டன். மூன்று அடுக்கும் திட எரிபொருள். முதல் அடுக்கில் மட்டும் ஏறத்தாழ 87 டன். அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், இரண்டையும் பிடித்துவைக்க ஒரு ரப்பர் பிசின். வார்த்து இறுகியபின் தொட்டால் டயர் மாதிரி இருக்கும். எரிவதற்காகச் செய்த சரக்கு இது. குவாரி வெடி அல்ல.

ஆனால் பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. திரவ எஞ்சினுக்கு எரிபொருளை மூடி நிறுத்த வால்வு உண்டு, இதற்குக் கிடையாது. 2003 ஆகஸ்டில் பிரேசிலின் அல்கான்டராவில், ஏவுவதற்கு மூன்று நாள் இருக்கும்போதே ராக்கெட்டின் ஒரு திட எரிபொருள் மோட்டார் பற்றிக்கொண்டு, மேடையில் வேலையாக இருந்த 21 பேர் இறந்தார்கள். 2004 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டா எரிபொருள் ஆலையில் 6 பேர். இரண்டிலும் போனது உள்ளே வேலை பார்த்தவர்கள் உயிர். அதனால்தான் இந்த வேலைக்குப் போகிறவர்கள் பருத்தி உடுப்பு, மின்சாரம் கடத்தும் செருப்பு போட்டு, வாசலில் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்கிவிட்டு நுழைகிறார்கள். சின்னப் பொறி போதும்.

நீங்கள் வேலிக்கு வெளியே. ராக்கெட் தெற்கே கடல்மேல் போகும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்றால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். அந்த வீண்செலவு குலசேகரப்பட்டினத்தில் இல்லை. புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், ஏவும் நாளில் விலகச் சொன்னால் விலகுங்கள். மொட்டை மாடியில் வீடியோ எடுக்க நிற்காதீர்கள்.

எந்தச் சர்வே எண் ஏவுதள எல்லைக்குள் வருகிறது என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதவே வேண்டியதில்லை. ராக்கெட் விடத் தெரிந்த நாட்டில் பசையும் தாளும் கிடைக்காதா?

திருச்செந்தூர் தாலுகா அலுவலகத்தில் சர்வே எண்ணைக் குறித்து, கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பட்டியலில் இல்லை என்றால், பனையேறுகிறவரை வழக்கம்போல் வரச்சொல்லுங்கள். பட்டியலில் இருந்தால் இன்னும் கவனம்: அட்வான்ஸ் என்று சொற்பத்தைக் கொடுத்துப் பவர் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டீர்களானால், இழப்பீடு வரும் நாளில் உங்கள் பெயரைச் சொல்லி அந்தப் புரோக்கர்தான் போய் நிற்பார்.