முதல் பிளாட்பெட் வேலை: கூலியா, பயிற்சியா?
வணக்கம். கையில் புது லாரி ஓட்டுநர் உரிமம், எதிரே பிளாட்பெட் (பக்கச் சுவரும் கூரையும் இல்லாத தட்டையான சரக்கு வண்டி) ஓட்டும் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள். மைலுக்குக் கூடுதலாகத் தருவது மூன்றே நாளில் தனியே அனுப்பிவிடும், குறைவாகத் தருவது சில வாரங்கள் பயிற்றுநரோடு ஓட்டவைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டாவதையே எடுப்பேன்.

பிளாட்பெட்டில் சரக்கைக் கட்டுவதும் பெரும்பாலும் ஓட்டுநர் வேலையே. கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கு எடையில் பாதிக்குக் குறையக் கூடாது என்பதும், புறப்பட்ட முதல் 50 மைலுக்குள் இறங்கிக் கட்டுகளைச் சோதிக்க வேண்டும் என்பதும் அங்கே கூட்டரசு விதிகள். எஃகுச் சுருளைச் சங்கிலியிட்டு இறுக்குவதையும், காற்றடிக்கும் முற்றத்தில் கனத்த தார்ப்பாயைப் பலகை அடுக்கின்மேல் விரிப்பதையும் மூன்று நாளில் எவரும் கற்றுவிட முடியாது.

கையெழுத்திடும் முன், தார்ப்பாய் போடத் தனிக் கூலி உண்டா, ஏற்றுமிடத்தில் காத்திருக்கும் மணிகளுக்குப் பணம் உண்டா, பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். (ஆள்சேர்ப்பவர் தொலைபேசியில் சொல்வது கணக்கில் சேராது.) நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவைக் கூட்டரசுப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், சாலைச் சோதனைகளில் அதன் வண்டிகள் ஓடத் தகுதியற்றவையென நிறுத்தப்பட்ட விகிதம் தேசியச் சராசரியை வெகுவாகத் தாண்டியிருந்தால், கூலி எவ்வளவானாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.