வாசகர் கேள்விகள்: எண்ணெய்ச் சேறு, பழைய சோறு, மாடித் தோட்டம்

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எங்கள் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்கிறார்கள். அவற்றைக் கழிமுகத்தில் தெளித்துவிட்டால் சேறு சுத்தமாகிவிடாதா?
– மீனவர் ஒருவர், காட்டுக்குப்பம், எண்ணூர்

பதில்: அத்தகைய பாக்டீரியாக்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவைகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. எண்ணெயில் உள்ள ஹைட்ரோகார்பன்களையே (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்கள்) முக்கிய உணவாகக் கொண்டு வாழும் அல்கனிவோராக்ஸ் என்ற பாக்டீரியா, சுத்தமான கடல்நீரில் மிகச் சொற்பமாகவே காணப்படும். எண்ணெய் கலந்த சில நாட்களிலேயே பல்கிப் பெருகிவிடும். ஆனால் எண்ணெயில் கார்பன் உண்டே தவிர, உயிரணு வளர்வதற்குத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரசும் போதிய அளவில் இல்லை. 1989-இல் அலாஸ்கா கரையோரம் எக்ஸான் வால்டீஸ் என்ற கப்பலிலிருந்து சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியபோது, விஞ்ஞானிகள் கரையில் தெளித்தது முக்கியமாக உரத்தைத்தான். அந்த உரத்தால் அங்கேயே இருந்த பாக்டீரியாக்கள் பெருகி, கற்களின் மேல் படிந்திருந்த எண்ணெயை விரைவாகச் சிதைத்தன. கற்களுக்கு அடியில், காற்றுப் புகாத இடத்தில் தங்கிய எண்ணெயோ இருபது ஆண்டுகள் கழித்தும் அங்கே கிடந்தது.

எண்ணூரின் சிக்கலும் இதுதான். கழிவுநீர் கலக்கும் கழிமுகத்தில் நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் ஆக்சிஜனுக்குத்தான். நீர் வற்றும் நேரத்தில் அலையாத்தி மரத்தடிச் சேற்றில் கையை மணிக்கட்டுவரை இறக்கினால் என்ன தெரியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மேலே நகக்கனத்துக்குப் பழுப்பு, அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு, கூடவே அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கறுப்பும் நாற்றமும், ஆக்சிஜன் இல்லாமல் கந்தகச் சேர்மங்களைக் கொண்டு வாழும் வேறு வகை நுண்ணுயிர்களின் வேலை. அந்த ஆழத்தில் எண்ணெய் சிதைவது மிக மெதுவாகவே நடக்கும் என்பதால், எத்தனை குடம் பாக்டீரியாவைத் தெளித்தாலும் பெரிய பயன் இராது.

எனவே முதல் வேலை, எண்ணெயையும் எண்ணெய் தோய்ந்த சேற்றையும் அலையாத்தி மரங்களின் சுவாச வேர்கள் ஒடியாமல் கையால் அகற்றுவதே. அகற்றியதைக் கசியாத குழியில் இட்டு, மண்ணும் உரமும் கலந்து, காற்றுப் படும்படி அடிக்கடி புரட்டிக் கொடுத்தால் பாக்டீரியாக்கள் தம் பங்கைச் செய்யும். 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளிகளால் அள்ளிச் சேர்த்த எண்ணெய்க் கசடுக்கு இந்த வழியில்தான் சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஈயம், பாதரசம் போன்றவை தனிமங்கள். நுண்ணுயிர்களால் அவற்றை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்ற முடியுமே தவிர, தின்று தீர்க்க முடியாது. எல்லா மாசையும் ஒரே பாக்டீரியா போக்கிவிடும் என்று யாராவது உங்கள் குப்பத்துக்கு வந்து சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோற்றை ஆராய்கிறார்களாமே? ஒரே இரவில் அதில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
– வாசகி, ராயபுரம்

பதில்: முதல் பாதி உண்மை. உங்கள் வீட்டுக்கு அருகிலேயே, அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர், குடல் அழற்சி போன்ற கோளாறு உள்ளவர்களுக்குப் பழைய சோறு எவ்வாறு உதவக்கூடும் என்று ஆராய்ச்சி மேற்கொண்டனர். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவுக்கு மாறுகிறது. அது பெருங்குடலை அடையும்போது அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கச் செய்து பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன; குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள்.

இரும்பு விஷயம் வேறு. இரும்பும் ஒரு தனிமம்; எந்த நுண்ணுயிராலும் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. அரிசியில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலத்தைப் புளிப்பு ஓரளவு சிதைப்பதால், ஏற்கெனவே இருக்கும் இரும்பு உடலில் சேர்வது எளிதாகலாம். ரத்தசோகை மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழைய சோற்றை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

செய்முறையிலும் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சோற்றை நீரின்றி வெளியே மணிக்கணக்கில் விட்டால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. சோறு ஆறியவுடனேயே, காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றி மூடி வையுங்கள். நீர் இதமாகப் புளித்திருந்தால் சாப்பிடலாம். நூல் விட்டாலோ வாடை மாறினாலோ கொட்டிவிடுங்கள்.

கேள்வி: என் தம்பிக்குக் காசநோய். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதில் இருமல் நின்றுவிட்டது. நிறுத்திவிடலாமா என்கிறான்.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கூடவே கூடாது. வேகமாகப் பெருகும் கிருமிகள்தான் முதலில் சாகின்றன; ஆக்சிஜன் குறைந்த மூலைகளில் ஏறக்குறைய உறக்கநிலையில் கிடப்பவற்றை ஒழிக்கத்தான் மீதி நான்கு மாதச் சிகிச்சை. பாதியில் விட்டால் மிஞ்சியவை மருந்தை எதிர்க்கும் ரகமாக மாறித் திரும்ப வரக்கூடும். வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1950-களின் இறுதியில் உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வுதான் என்று தம்பியிடம் சொல்லுங்கள். மாத்திரையால் வயிற்றுக் கோளாறோ கண் மங்கலோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டுமே தவிர, தானாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: மாடித் தோட்டத்துக்கு அசோஸ்பைரில்லம் பாக்கெட் வாங்கி யூரியாவோடு கலந்து போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. ஏமாற்று வேலையா?
– வாசகி, மாதவரம்

பதில்: அந்தப் பாக்கெட்டில் இருப்பது உரம் அல்ல, உயிர்; அசோஸ்பைரில்லம் என்பது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா. யூரியாவோடு நேரடியாகக் கலந்தாலோ, பாக்கெட்டை மாடி வெயிலில் வைத்திருந்தாலோ அது செத்துவிடும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, நிழலில் வைத்திருந்து, நன்கு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து மாலை நேரத்தில் வேரடியில் இட்டு நீர் ஊற்றுங்கள். மக்கு இல்லாத மண்ணில் அதற்கு உணவில்லை. நன்றாக வேலை செய்தாலும் அது எருவுக்குத் துணையாகத்தான் இருக்கும். எருவின் இடத்தைப் பிடிக்காது.

அவரை, காராமணி போட்டால், அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவை வாங்குங்கள். ஆறிய வடிகஞ்சியில் அதைக் குழைத்து, விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதையுங்கள். செடி பூக்கும் தருவாயில் ஒன்றை மட்டும் மண்ணோடு மெல்லப் பெயர்த்து, நீரில் அலசி, வேரிலுள்ள முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அடுத்த முறை விதைப்பதற்கு முன் பாக்கெட்டையும் மண்ணையும் மாற்றிப் பாருங்கள்.